பொய்ச்சாட்சி: எல்லையோரக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆலோசனைக்காக என்னிடம் வந்த முதல் நாள் அந்த இளைஞன் அதிகம் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கிழித்த தாள். அதில் வேதாகம வசன எண்கள் மட்டும், பொடி எழுத்தில். ஆதியாகமம் 19. லேவியராகமம் 18:22, 20:13. ரோமர் 1:26, 27. 1 கொரிந்தியர் 6:9. 1 தீமோத்தேயு 1:10. இவ்வளவும் நீல மையில். கொஞ்சம் இடம் விட்டு, சிவப்பு மையில் தனியாக ஒன்று: யாத்திராகமம் 20:16.

இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். நீல மையில் இருந்தவை எதற்கென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆணும் ஆணும் சேர்வதைப் பற்றிச் சபைகளில் பேச்சு வரும்போதெல்லாம் எடுத்து வைக்கிற வசனங்கள். சிவப்பு மைதான் பிடிபடவில்லை. அது பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது.

"இது எதுக்குப்பா இங்க?" என்று கேட்டேன்.

"அதுதான் டீச்சர் நான் செஞ்ச பாவம். மேல இருக்கதெல்லாம் அவங்க சொல்றது."

இந்தப் பதில் எனக்கு முழுசாகப் புரிய நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

எழுதியதை அவன் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லி, சம்மதித்த பிறகே இது வெளியே வருகிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சபை, ஜெபவீடு, மருத்துவமனை எதற்கும் பெயர் இல்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் வேலை அல்ல.

குடும்பமும் ஊரும்

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா அங்கேயே நின்றுவிட்டது. கோடு விழுந்தது நிலத்தில்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும், கன்வென்ஷனுக்குப் போவதும், சந்தைக்குப் போவதும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் நடக்கிறது. அவன் அந்தப் பக்கத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். வீட்டில் பேச்சும் ஜெபமும் தமிழ். என் அறை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அவன் பஸ் ஏறி வந்தான். ஊரில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வயது 23. ஒரே மகன், ஒரு தங்கை. தந்தை ரப்பர் வெட்டுகிறவர். அதிகாலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அம்மா பெண்கள் ஐக்கியத்தில் பொறுப்பில் இருந்தவர். பையன் பன்னிரண்டு வயதிலிருந்து ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறான். பாடகர் குழு அறையின் சாவி அவனிடம்தான் இருந்தது.

அவர்களுடையது மிஷன் காலத்துக் குடும்பம். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்து தொடங்கிய லண்டன் மிஷன் வேலை, இந்த மண்ணில் சாதியின் பேரால் நசுக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் நிமிர்ந்து நடக்கிற தைரியத்தையும் கொடுத்தது. தோளில் சீலை போட்டதற்காக நம் பெண்களை அடித்த காலம் அது. 1820களில் ஆரம்பித்த அந்தப் போராட்டத்துக்கு 1859இல்தான் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வந்தது. அதுவும், உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இங்கே ஒரு குடும்பத்துக்குக் கிறிஸ்தவர் என்ற பேர் ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிகிற விஷயம் இல்லை. படிப்பு அதிலிருந்து வந்தது, பேர் அதிலிருந்து வந்தது, சொந்தபந்தம் அதற்குள்தான் இருக்கிறது, செத்தால் அடக்கம் பண்ணுகிற கல்லறைத் தோட்டமும் அதுதான். இப்படிப்பட்ட ஒருவனிடம் "சபை உன்னை ஏற்காவிட்டால் சபையை விட்டுவிடு" என்று சொல்வது, கையை வெட்டிப் போட்டுவிட்டு நட என்று சொல்வது போல. இதைச் சொன்னவர்களும் உண்டு. அதற்கு வருகிறேன்.

நடந்தது

திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டம் என்ற ஊரில் வேலை பார்க்கிற ஒருவனோடு அவனுக்கு ஒன்றரை வருஷமாக நேசம். தங்கை படிப்புக்காக அவனுடைய போனை வாங்கியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் சாவு என்று நினைத்து வந்துவிட்டார்களாம்.

பத்து நாளுக்குள் அவனை ஒரு தனி ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு உறவுக்காரர் சொன்ன இடம். அங்கே இது "ஆவி" என்று சொல்லப்பட்டது. ஏழு நாள் உபவாசம். நெற்றியிலும் நெஞ்சிலும் ஒலிவ எண்ணெய். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, ஒருவர் பெயரைக் கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்திருக்கிறார். பெயர் என்றால் அவனுடைய பெயர் இல்லை, உள்ளே இருக்கும் பிசாசின் பெயர். ஐந்தாம் நாள் அவனே ஒரு பெயரைச் சொன்னான். எதாவது ஒரு பெயரைச் சொன்னால் விடுவார்கள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது. ஏழாம் நாள் விடுதலை ஆனது என்று அறிவித்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த ஜெபவீட்டுக் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்து, சாட்சி சொல்லச் சொன்னார்கள்.

சாட்சி என்ற சொல்லுக்கு நம் சபைகளில் இருக்கும் கனம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தேவன் என் வாழ்க்கையில் இதைச் செய்தார் என்று ஜனங்களுக்கு முன்னால் நின்று சொல்வது. அதில் பொய் சொன்னால் அது மனிதனிடம் சொன்ன பொய் இல்லை. அவன் சின்ன வயதிலிருந்து அப்படி நம்பி வளர்ந்தவன். எழுந்து நின்று, "கர்த்தர் என்னை விடுவித்தார், எனக்கு இப்போது அந்த எண்ணமே இல்லை" என்று சொன்னான். சனங்கள் அல்லேலூயா போட்டார்கள். அம்மா முதல் வரிசையில் கையை உயர்த்திக்கொண்டு அழுதார்.

"அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல டீச்சர். அந்தச் சந்தோஷத்தைப் பொய் சொல்லிக் கொடுத்தேன்" என்றான்.

சிவப்பு மை அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் மறுபடி போன் பிடிபட்டது. ஒரு மருத்துவமனையில் காட்டினார்கள். மாற்றிவிடலாம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் பகலெல்லாம் தூங்கி விழுந்தான், விரல் கீபோர்டில் நிற்கவில்லை. பெண் பார்க்கும் பேச்சும் தொடங்கியது. இதற்கிடையில் விஷயம் எப்படியோ சபைக்குள் கசிந்து, பாடகர் குழு அறையின் சாவியைச் சபைப் பொறுப்பாளர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

இந்த நிலையில் திருவனந்தபுரத்தில் அவன் தானாகத் தேடிப் போன ஓர் ஆலோசகர், நல்ல மனசோடுதான், "நீ சரியாகத்தான் இருக்கிறாய், உன் மதம்தான் பிரச்சினை, அதிலிருந்து வெளியே வா" என்று சொன்னார். அவன் இரண்டாவது முறை அங்கே போகவில்லை. ஜெபவீடு அவனிடம் ஒரு பாதியை வெட்டச் சொன்னது. அந்த ஆலோசகர் மற்றப் பாதியை வெட்டச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்விலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அவனைச் சாவின் பக்கம் தள்ளியது அவனுடைய ஈர்ப்பும் இல்லை, அவனுடைய விசுவாசமும் இல்லை. இரண்டில் ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது என்று எல்லோரும் போட்ட விலைதான்.

சாகத் தோன்றியிருக்கிறதா என்று முதல் நாளே நேராகக் கேட்டேன். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று வீட்டார் பலர் பயப்படுவார்கள்; அப்படி வருவதில்லை. தோன்றியிருக்கிறது என்றான். அன்று வசனம் எதுவும் பேசவில்லை. யாரைக் கூப்பிடுவாய் என்று மூன்று பேரை எழுதினோம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐப் போனில் பதிந்தான்; அதில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் கேனையும் பழைய மாத்திரைகளையும் பூட்டி வைக்க வேண்டும் என்று தந்தைக்குச் சொல்லி அனுப்பினேன். வேறொரு மனநல மருத்துவர் பழைய மாத்திரைகளைப் பார்த்து, படிப்படியாக நிறுத்தி, மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தார். ஆறு வாரத்தில் தூக்கம் ஒழுங்கானது.

தந்தை ஒரே ஒரு தடவை வந்தார். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல்களை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேதம், பாவம், மானம், எதையும் அவர் பேசவில்லை. "அவன் ராத்திரி உறங்குதானா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். உறங்குகிறான் என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார்.

நான் செய்த தவறு

இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் நான் அவனுக்கு வேதபாடம் எடுத்தேன். நீல மையில் இருந்ததற்கெல்லாம் பதில் என்னிடம் இருந்தது. சொன்ன விஷயத்தில் பிழை இல்லை, சொன்ன நேரம்தான் பிழை. ஆனாலும் அந்த விஷயம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிய வேண்டியது, அதனால் இங்கே சொல்கிறேன்.

1 கொரிந்தியர் 6:9இல் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்து இரண்டு சொற்கள் வருகின்றன: "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்". மலையாள வேதாகமத்தில் "ஸ்வயபோகிகள், புருஷகாமிகள்". அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தவன். முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது மலாக்கோய். நேர்ப்பொருள், மெல்லியவர்கள். மத்தேயு 11:8இல் யோவான் ஸ்நானனைப் பற்றி இயேசு பேசும்போது வருகிற "மெல்லிய வஸ்திரம்" அதே சொல்தான். அங்கே துணி மெல்லியது என்று பெயர்த்தவர்கள், இங்கே அதைச் சுயபுணர்ச்சி ஆக்கினார்கள். பழைய ஆங்கில வேதாகமமோ அதையே பெண்தன்மையுள்ளவர் என்று ஆக்கியது. ஒரே சொல் மொழிக்கு மொழி வேறு வேறு ஆளைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது சொல் அர்செனோகோய்தாய். இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு முந்திய எழுத்துகளில் அது கிடைக்கவில்லை. ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்களின் கூட்டு. பணத்துக்காகவும் பலவந்தமாகவும் நடந்த உறவைத்தான் அது குறிக்கிறது என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். லேவியராகமத்தின் கிரேக்கப் பெயர்ப்பில் அந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் அங்கிருந்துதான் பவுல் எடுத்தார், ஆகவே பொதுவாக எல்லா ஆண் உறவையும் சொல்கிறார் என்று மரபு வழியில் வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆதியாகமம் 19இல் அழிகிற சோதோம் பற்றி எசேக்கியேல் 16:49 சொல்வது வேறு: அகந்தை, வயிறு நிறைந்த சுகவாழ்வு, எளியவனுக்குக் கை கொடுக்காதது. அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுக்கும் எத்தியோப்பியன் கிரேக்கத்தில் அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவன். அண்ணகருக்கு ஆலயக் கூட்டத்தில் இடமில்லை என்பது உபாகமம். அவர்களுக்குக் குமாரரையும் குமாரத்திகளையும் விட மேலான பெயரைத் தருவேன் என்பது ஏசாயா 56. அந்த வாக்குத்தத்தம் நிறைவேறுகிற இடமாகவே அப்போஸ்தலர் 8ஐப் பலர் வாசிக்கிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அவன் "மந்திரி" ஆகிவிட்டான். ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு மந்திரியின் கதையாக.

இதையெல்லாம் ஒன்றரை மணி நேரம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "நீங்க சொல்றது சரியா இருக்கலாம் டீச்சர். ஆனா எங்கம்மா கிரேக்கு படிக்கல்லியே" என்றான்.

எனக்கு அது நெஞ்சில் தைத்தது. வாதத்தில் ஜெயித்து ஒருவனுடைய மனதை ஆற்றிவிடலாம் என்று நினைத்தவள் நான். அவன் அந்த வசனங்களை எனக்கு முன்பே தேடித் தேடிப் படித்துவிட்டான். அவனுடைய காயம் அங்கே இல்லை. முதல் நாளே சிவப்பு மையில் எழுதிக் காட்டியிருந்தான், நான்தான் நீல மையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2009இல் வெளியிட்ட அறிக்கையைப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். ஈர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலன் தருவதற்கான நல்ல ஆதாரம் இல்லை, தீங்கு உண்டு என்பதை எல்லோரும் அதிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: வருகிறவரின் விசுவாசத்தை மதி, முடிவை நீயே முதலில் வைத்துக்கொண்டு அவரை அங்கே இழுக்காதே. நான் இழுத்தது நல்ல இடத்துக்குத்தான், ஆனாலும் அது இழுப்புதான்.

அம்மா

மூன்றாம் மாதம் அம்மா வந்தார். வெள்ளிக்கிழமை, உபவாச நாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். கைப்பையில் சின்ன எண்ணெய்க் குப்பி இருந்தது, பேசும்போது அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்க வளர்ப்பில எங்க குறை வந்து டீச்சரே?" என்றுதான் ஆரம்பித்தார். சின்ன வயதில் தங்கையோடு சேர்த்து விளையாட விட்டதா, அப்பா ராத்திரி பகல் இல்லாமல் தோட்டத்தில் கிடந்ததா. வளர்ப்பினால் இப்படி ஆகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னேன். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, 1990இல் உலக சுகாதார நிறுவனமும், 2018இல் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோய் இல்லை என்று சொல்லிவிட்டன என்றும் சொன்னேன். தலையாட்டினார். நோய் இல்லை என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை. நோயாக இருந்தால் குணமாகும் என்ற நம்பிக்கையாவது இருந்திருக்கும்.

ஊர் என்ன சொல்லும் என்பதுதான் இவருடைய பயம் என்று நானும் நினைத்திருந்தேன். மானம் போயிற்று, தங்கைக்கு வரன் வராது. அதெல்லாம் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து, குரல் இறங்கி, வேறொன்று வந்தது.

"நான் செத்துப் பரலோகம் போனா, இவன் அங்க இருக்கமாட்டானே டீச்சரே. நான் யாரத் தேடுவேன்?"

அதற்குப் பிறகு சுமார் பத்து நிமிடம் நான் ஒன்றும் பேசவில்லை. மனநலப் பாடப்புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. இதை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள், விசுவாசிக்கிற ஒரு தாய்க்கு இது எவ்வளவு நிஜம் என்று தெரியாதவர்கள். கையைக் காலைப் பிடித்து அறைந்த அந்த ஜெபவீட்டுக்கு அவர் மகனைக் கொண்டுபோனது வெறுப்பினால் இல்லை. நித்தியத்துக்கும் பிரிந்துவிடுவோம் என்ற பீதியினால். வெறுப்பு என்று எண்ணி அவரோடு பேசியிருந்தால் அடுத்த தடவை வந்திருக்கமாட்டார்.

பரலோகத்தைப் பற்றி உறுதி கொடுக்க நான் யார்? கொடுக்கவில்லை. அந்த ஏழு நாள் என்ன நடந்தது என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறானா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். மூன்று வாரம் கழித்து இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். அவன் சொன்னான். நாலு பேர் பிடித்ததை, பெயர் கேட்டதை, அவன் ஒரு பெயரை உண்டாக்கிச் சொன்னதை, மைக்கில் பேசியது அத்தனையும் பொய் என்பதை. அம்மா அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து போய் அந்தக் கன்னத்தில் கையை வைத்தார். எந்தப் பக்கம் அடித்தார்கள் என்று கேட்டார். இடது பக்கம் என்றான்.

போதகரும் சபையும்

பொய்ச்சாட்சியைத் தன் சொந்தச் சபைப் போதகரிடம் அறிக்கை செய்ய வேண்டும் என்றான். நான் தயங்கினேன், இன்னும் அடி வாங்குவான் என்று பயந்தேன். அவன் பிடிவாதமாக இருந்தான். நானும் கூடப் போனேன்.

தான் ஆண்களை நேசிப்பவன் என்பதை அவன் அங்கே அறிக்கை செய்யவில்லை. அதை ஒரு தகவலாகச் சொன்னான். அறிக்கை செய்தது, தேவன் செய்யாததைச் செய்தார் என்று ஜனங்களுக்கு முன்னால் சொன்னதை. போதகர் வயதானவர். நெடுநேரம் மேசைவிரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பிசாசுக்குப் பேர் வைக்க ஒரு பிள்ளையை அடிச்சிருக்காங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அவருடைய நம்பிக்கை மாறவில்லை, இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். படைப்பில் ஆணும் பெண்ணுமாக, விவாகம் அவர்களுக்கு என்பதுதான் வேதம் என்றார். சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்ற வசனம் இருந்தும் இன்று பெண்கள் குருத்துவப் பணியில் இருக்கிறார்களே, தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் நந்தியாலுக்கு ஒரு பெண் பேராயரே வந்தாரே என்று நான் கேட்டேன். அவர் சொன்ன பதில் யோசித்துச் சொன்ன பதில்: "பெண்கள் காரியத்தில் தெபொராளும் பெபேயாளும் வேதத்துக்குள்ளேயே எதிர்ச்சாட்சியா நிக்கிறாங்க. இதுக்கு அப்படி யாரும் இல்ல." நான் அதை ஏற்கவில்லை, அவர் நான் சொன்னதை ஏற்கவில்லை. பிறகு அவர் கெட்ட குமாரன் கதையைச் சொல்லத் தொடங்கியபோது பையன் குறுக்கிட்டான்: "அந்தப் பையன் வீட்டை விட்டுப் போனான் ஐயா. நான் எங்கயும் போகல்லியே." போதகர் கதையை அதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்று காரியம் கேட்டோம். பிரசங்கத்தில் மறைமுகமாகக்கூட இதைப் பற்றிச் சொல்லக் கூடாது. திருவிருந்துக்கு அவன் வந்தால் தடுக்கக் கூடாது. கீபோர்டு சாவி திரும்பி வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றார். மூன்றாவது கமிட்டி காரியம், தன்னால் ஆகாது என்றார். தனியாகத் தன்னிடம் வந்து வாசித்துக்காட்டு என்றார். அது போதாதுதான்.

இந்தப் பகுதியில் ஒரே தெருவில் நாலு வகைச் சபை இருக்கும், நாலும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் செயலைத் தவறு என்கிறது, ஆளை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது, கற்பு வாழ்க்கைக்கு அழைக்கிறது. 2023 டிசம்பரில் வத்திக்கான், திருவழிபாட்டுச் சடங்காக இல்லாமல், இப்படிப்பட்ட இணையருக்கும் குருக்கள் ஆசீர் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை. விடுதலை ஊழியம் செய்யும் தனிக் கூட்டங்கள் பல இதை ஆவியின் வேலையாகப் பார்க்கின்றன. மற்றப் பழைய சபைகளில் நான் பார்த்தது பெரும்பாலும் மௌனம். அந்த மௌனத்தால்தான் குடும்பங்கள் பதில் தேடி ஜெபவீட்டுக்குப் போகின்றன என்பது என் எண்ணம். ஜெபித்து மாற்றலாம் என்று 1976 முதல் அமெரிக்காவில் இயங்கிய எக்சோடஸ் இன்டர்நேஷனல் என்ற பெரிய கிறிஸ்தவ அமைப்பு 2013இல் தானே மன்னிப்புக் கேட்டு மூடிக்கொண்டது. நம் ஊர் மைக்குகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக

எல்லையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி, எந்த மாநிலச் சட்டம் எங்களுக்கு என்பது. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றம் இல்லை என்று 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நாடு முழுமைக்கும். 2021 ஜூன் 7இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் இட்ட உத்தரவில், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் "மாற்று சிகிச்சை"யைத் தடை செய்யச் சொன்னார். தீர்ப்புக்கு முன் தன் புரிதலுக்காகத் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தவர் அவர். அந்த உத்தரவைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. அது பாறசாலைக்கும் பொருந்தும், மார்த்தாண்டத்துக்கும் பொருந்தும். மருத்துவரைக் கட்டுப்படுத்தும் இந்த விதி ஜெபவீட்டைத் தொடாது. ஆனால் ஒருவனைப் பிடித்து வைத்து அடிப்பது எந்தக் கூரைக்குக் கீழே நடந்தாலும் குற்றம்தான். புகார் கொடுக்கலாம் என்று அவனிடம் சொன்னேன். அம்மாவையும் சேர்த்துக் கேட்பார்கள் என்பதால் வேண்டாம் என்றான். அது அவனுடைய முடிவு.

இப்போது

பதினொரு மாதம் ஆகிறது. பெண் பார்க்கும் பேச்சு நின்றிருக்கிறது. கழக்கூட்டத்துப் பையன் பயந்து விலகிப் போய்விட்டான். அந்தத் துக்கத்தையும் இவன் பட வேண்டியிருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லி அழ முடியாத துக்கம். தன்னை என்ன சொல்லிக்கொள்வது என்பதில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். தன்பாலீர்ப்பாளர் என்ற சொல்லை ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். "இது நம்ம ஊர் வாயில வராது டீச்சர், ஆனா கெட்ட வார்த்தை இல்ல" என்றான். அதுவரை அவனுக்குத் தமிழில் கிடைத்திருந்ததெல்லாம் வசையும் பாவமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பக்கவாசல் ஓரத்துப் பெஞ்சில் அம்மாவோடு உட்காருகிறான். சாவி இன்னும் வரவில்லை. புதிதாக வாசிக்கும் பையன் தாளம் தப்பும்போது இவன் விரல் முட்டியில் தட்டுகிறதாம்.

வீட்டில் தினமும் ராத்திரி ஜெபம் உண்டு. முன்பு அம்மா "எனக்க மவனை மாத்தும் கர்த்தாவே" என்று ஜெபிப்பார். இப்போது பல நாள் "எனக்க மவனைக் காத்துக்கொள்ளும்" என்று வருகிறது. எல்லா நாளும் இல்லை. போன வாரம் வந்தபோது சொன்னான்: செவ்வாய்க்கிழமை மறுபடியும் பழைய வார்த்தைதான் வந்ததாம். அப்பாவும் தங்கையும் ஆமென் சொன்னார்கள். இவன் சொல்லவில்லை. அம்மா கண்ணைத் திறந்து இவனைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மரச்சீனி அவித்திருந்தது, ஆறிப்போகும், வா என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்து சாப்பிட்டானாம்.